645ஆவது கடற்காகம்: ஜெரால்டன் ‘சிட்னி’ நினைவிடமும் அங்குள்ள வழிகாட்டிச் சேவையும்

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தொலைவில், ஜெரால்டன் என்ற துறைமுக நகரில், மவுண்ட் ஸ்காட் என்னும் சிறு குன்றின் உச்சியில், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ‘எச்.எம்.ஏ.எஸ். சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலுக்கும் அதில் இருந்து மாண்ட 645 பேருக்கும் எழுப்பிய நினைவிடம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. நான் அங்கே இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை எனக்கு மனத்தில் ஒன்றுமே தங்கவில்லை. இரண்டாம் தடவை போய்வந்து சில வாரங்கள் ஆகியும் அதைப் பற்றியே வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் நினைவிடம் மாறவில்லை. அங்கே காலை 10.30 மணிக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச வழிகாட்டிச் சுற்றில் இரண்டாம் தடவை கலந்துகொண்டோம், அவ்வளவுதான். ஆகவே இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்தை விரைவாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பெர்த்திலிருந்து கிளம்பும் ஒரு பேருந்துச் சுற்றுலாவில் பணம் கட்டிப் போயிருந்தேன். விளம்பரத்தில் ‘நினைவிடத்தைப் பார்வையிடல்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தவர்கள், அதற்கு ஒதுக்கியது இருபது நிமிடம். அதிலும் பாதி, வண்டியில் இருந்தவர்கள் கழிப்பறை தேடுவதில் கழிந்தது. நாங்கள் சேர்ந்தபோது மாலை நான்கு மணியை நெருங்கிவிட்டதால் வழிகாட்டி எவரும் இல்லை. குவிமாடத்தின் கீழே நின்று ஒரு படம், சிலையருகே நின்று ஒரு படம், பிறகு வண்டி. போரில் இறந்தவர்களின் நினைவிடத்தை இப்படிப் பார்ப்பதற்கு அங்கே போகாமலே இருக்கலாம் என்று அன்று நினைத்தேன்.

இந்த முறை, தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே சொந்தக் காரில் கிளம்பினேன். ஜெரால்டனுக்குச் சற்று முன்னால் கிரீனோ என்ற சமவெளியில், கடற்காற்றின் உப்பிலும் வேகத்திலும் வளைந்து, தரையோடு தரையாகப் படுத்தபடியே வளர்ந்திருக்கும் மரங்கள் உண்டு. அவற்றைப் பார்த்தவுடனேயே அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். குன்றின் மேல் அதே காற்றுதான் எங்களுக்காகக் காத்திருந்தது. வழியில் நான் கப்பலின் பெயரைச் சொன்னதும் அவர், “சிட்னிங்கிறது ஊருல்லா?” என்றார். ஊரின் பெயரைத்தான் கப்பலுக்கு வைத்திருந்தார்கள் என்றும், அந்தப் பெயரில் முதலில் இருந்த கப்பல்தான் எம்டனை முடித்துவைத்தது என்றும் சொன்னேன். அதன் பிறகு அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. ‘அவன் பெரிய எம்டனாச்சே’ என்று ஆள்களைப் பற்றிப் பேசியே வளர்ந்த தலைமுறை அல்லவா.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவை, ஏனென்றால் நம்மவர்கள் இந்த இரண்டு கப்பல்களையும் அடிக்கடி குழப்பிக்கொள்வார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பலான எம்டனை, அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளருகே அடித்துத் தரைதட்ட வைத்தது முதலாவது சிட்னி. ஜெரால்டனில் நினைவுகூரப்படுவது அதன் பெயரைப் பெற்ற இரண்டாவது சிட்னி. இங்கிலாந்தில் கட்டப்பட்டு 1935இல் ஆஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்த இந்தக் கப்பல், 1940 ஜூலையில் மத்தியதரைக் கடலில் பார்த்தோலோமியோ கொல்லியோனி என்ற இத்தாலியப் போர்க்கப்பலை மூழ்கடித்துப் பெயர் வாங்கியது. 1941 பிப்ரவரியில் நாடு திரும்பியபோது சிட்னி நகரத் தெருக்களில் மக்கள் திரண்டு அதன் மாலுமிகளை வரவேற்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அது கடலில் காணாமல் போனது ஒரு தேசத்தை ஏன் அப்படி உலுக்கியது என்பது, இந்த வரவேற்பைத் தெரிந்துகொண்டால்தான் புரியும். எங்கள் வழிகாட்டியும் கதையைப் போரிலிருந்து தொடங்காமல் அந்த வரவேற்பிலிருந்தே தொடங்கினார். முதல் ஐந்து நிமிடத்திலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் எழுபதைத் தாண்டிய மனிதர். ஒலிபெருக்கி இல்லை, மனப்பாடம் செய்த உரை இல்லை. காற்று பலமாக அடிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, அது தணிந்தபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். எங்களோடு பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். நான் அம்மாவின் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வருவதைக் கவனித்த அவர், நான் முடிக்கும்வரை ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விநாடி கூடுதலாக நின்றார். கட்டணம் வாங்கும் எத்தனையோ சுற்றுலாக்களில் எனக்குக் கிடைக்காத மரியாதை இது.

போர் நடந்த விதத்தை அவர் சுருக்கமாகத்தான் சொன்னார். படைவீரர்களை ஏற்றிச் சென்ற ஸீலாண்டியா என்ற கப்பலுக்குத் துணையாக 1941 நவம்பர் 11 அன்று ஃபிரீமாண்டிலிலிருந்து புறப்பட்ட சிட்னி, சுந்தா நீரிணையருகே அதை வேறொரு போர்க்கப்பலிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. நவம்பர் 20 அன்று அது கரை சேர்ந்திருக்க வேண்டும். 19ஆம் தேதி பிற்பகலில், டச்சு நாட்டு வணிகக் கப்பலான ஸ்ட்ராட் மலாக்கா போல வேடமிட்டிருந்த கோர்மோரன் என்ற ஜெர்மானியக் கப்பலைச் சந்தேகப்பட்டு நெருங்கியது. உண்மையான ஸ்ட்ராட் மலாக்காவுக்கு மட்டுமே தெரிந்த இரகசியக் குறியீட்டைக் காட்டும்படி சிட்னி சைகை மூலம் கேட்டது. அது ஜெர்மானியரிடம் இல்லை. இரண்டு கப்பல்களுக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லாதபோது, மூடியிருந்த பீரங்கிகளைத் திறந்து கோர்மோரன் சுட்டது. ஒரு டார்பிடோ சிட்னியின் முன்பகுதியைப் பிளந்தது. திருப்பிச் சுட்ட சிட்னியின் குண்டுகளால் கோர்மோரனும் பிழைக்கவில்லை. ஆனால் ஜெர்மானியரில் 318 பேர் பிழைத்தார்கள். சிட்னியிலிருந்து ஒருவர்கூட மீளவில்லை. 41 அதிகாரிகள், 594 மாலுமிகள், விமானப்படையைச் சேர்ந்த 6 பேர், கப்பலின் சிற்றுண்டிக் கடையில் வேலை பார்த்த 4 பேர். இந்தக் கடைசி நால்வர் படைவீரர்களே அல்லர் என்பதை வழிகாட்டி தனியாக எடுத்துச் சொன்னார்.

வேடம் போடுவது போர்நெறியா என்று கூட்டத்தில் ஒருவர் சற்றுக் காரமாகக் கேட்டார். வழிகாட்டி, இரு தரப்பும் அதைச் செய்ததுண்டு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எனக்கு எம்டன் நினைவுக்கு வந்தது. 1914இல் பொய்யாக ஒரு நான்காவது புகைபோக்கியை நிறுத்திக்கொண்டுதான் அது பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது.

இனி நினைவிடத்தைப் பற்றி. 2001 நவம்பர் 18 அன்று திறக்கப்பட்ட இதன் நடுநாயகமாக இருப்பது, ஏழு தூண்கள் தாங்கும் ஒரு குவிமாடம். தூரத்திலிருந்து பார்த்தால் கம்பிவலையால் செய்த பந்து போலத் தெரிகிறது. கீழே போய் அண்ணாந்து பார்த்தால்தான், அது முழுவதும் ஒன்றோடொன்று சிறகு கோத்த எவர்சில்வர் பறவைகள் என்பது தெரிகிறது. மொத்தம் 645 கடற்காகங்கள். கட்டுமானம் தொடங்குவதற்கு முன்பு இங்கே நடந்த ஒரு நினைவு நிகழ்ச்சியில், இறுதி மரியாதைக்கான ஊதல் இசை ஒலித்தபோது கடற்காகக் கூட்டம் ஒன்று தலைக்கு மேலே பறந்து போனதாம். அதிலிருந்தே இந்த வடிவம் சிற்பிகளுக்குத் தோன்றியது என்று சொன்னார். ஒவ்வொரு பறவையும் ஓர் உயிர். குவிமாடத்தின் கீழே பலிபீடத்தின் இடத்தில் ஒரு கப்பலின் சுழலி இருக்கிறது.

நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட அம்மா எந்த வியப்பும் காட்டவில்லை. “காக்காதானே, வேற என்ன வைப்பாவ?” என்றார். இறந்தவர்கள் காகமாக வருவார்கள் என்று நம்பி, தினமும் ஒரு பிடி சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவருக்கு அந்தக் குவிமாடத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் எனக்கே இன்னொன்று உறைத்தது: கோர்மோரன் என்றால் ஜெர்மன் மொழியில் நீர்க்காகம். நீர்க்காகம் மூழ்கடித்த கப்பலுக்குக் கடற்காகங்களால் கூரை வேய்ந்திருக்கிறார்கள். ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ இந்த இரண்டு பறவைகளின் பெயரிலும் ஒரே காகம் ஒட்டிக்கொண்டிருக்காது. தமிழில் சொல்லிப் பார்த்தால் மட்டுமே இது காதில் விழுகிறது.

குவிமாடத்துக்கு அப்பால், சிட்னியின் முன்முனையின் அளவிலும் வடிவிலும் செய்த ஓர் உயர்ந்த தூண் நிற்கிறது. கருங்கல் சுவர் ஒன்றில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. கடலை நோக்கியபடி, 1940களின் உடையில், வெண்கலத்தில் வார்த்த ஒரு பெண் நிற்கிறாள்; ‘காத்திருக்கும் பெண்’ என்று பெயர். முதல் பயணத்தில் இந்தச் சிலை எனக்குச் சற்று மிகையாகத் தோன்றியது. காத்திருக்கும் பெண் என்பது எல்லா நாட்டுக் கடற்கரைகளிலும் கலைஞர்கள் கைவைக்கும் உருவம்தானே என்று அலட்சியமாகக் கடந்துபோனேன். இம்முறை, அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த செய்தி எப்படிப்பட்டது என்று வழிகாட்டி சொன்ன பிறகு, என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. நவம்பர் 20 அன்று வரவேண்டிய கப்பல் வரவில்லை. சில நாட்கள் கழித்துத் தேடல் தொடங்கியது. பிரதமர் ஜான் கர்ட்டின் அதை அதிகாரபூர்வமாக அறிவித்தபோது நவம்பர் முடிந்துகொண்டிருந்தது. உடல் இல்லை, கடைசியாகப் பார்த்தவர் என்று சொல்ல எவரும் இல்லை. நடந்ததைச் சொன்னவர்கள் எல்லாரும் எதிரிகள். அவர்களும், எரிந்துகொண்டே தொடுவானத்துக்கு அப்பால் போன கப்பலின் வெளிச்சத்தை இரவில் சிறிது நேரம் பார்த்ததோடு சரி. அதற்குப் பிறகு அறுபத்தாறு ஆண்டுகளுக்கு அந்தக் கப்பல் எங்கே கிடக்கிறது என்பதே எவருக்கும் தெரியவில்லை.

அம்மா அந்த வெண்கலப் பெண்ணின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “உடம்பப் பாக்காம எப்படிய்யா நம்புவா அவ?” என்று மட்டும் கேட்டார். கடற்கரை ஊர்க்காரருக்கு இது வெறும் கேள்வியில்லை. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வழிகாட்டி தலையசைத்தார். நம்பாமலே இறந்துபோன தாய்மார்கள் உண்டு என்றார்.

2008 மார்ச்சில்தான் கப்பல் கிடைத்தது. டேவிட் மெர்ன்ஸ் தலைமையிலான தேடல் குழு முதலில் கோர்மோரனையும், அடுத்த சில நாட்களில் சிட்னியையும் கண்டுபிடித்தது. இரண்டும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் இடைவெளியில், கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தன. சிட்னியின் முன்பகுதி முறிந்து தனியாகக் கிடந்தது. நினைவிடத்தின் ஐந்தாவது பகுதியான குளத்தை 2011இல் சேர்த்தது இதற்குப் பிறகுதான். என் கணக்கில் இந்த இடத்தின் சிறந்த பகுதியும் இதுதான். குளத்தில் 644 பறவைகளின் உருவங்களைப் பதித்திருக்கிறார்கள். 645ஆவது பறவை மட்டும் தனியாக, இரண்டு மீட்டர் உயரத்தில் எழுந்து நிற்கிறது. அதன் ஒரு சிறகின் நுனி, கப்பல் கிடக்கும் இடத்தைச் சுட்டுகிறது.

வழிகாட்டி எங்களை ஒவ்வொருவராக அந்தச் சிறகின் பின்னால் நிற்கவைத்து, நுனி போகும் திக்கில் பார்க்கச் சொன்னார். தெரிவது ஒன்றும் இல்லை. வீட்டுக் கூரைகள், அதற்கப்பால் நீலம், அதற்கப்பாலும் நீலம். இருந்தாலும், ‘அதோ, அங்கே’ என்று கை நீட்டிக் காட்ட முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். 2001இல் இந்த நினைவிடத்தைக் கட்டியவர்களால்கூட அப்படிக் காட்ட முடியவில்லை. காத்திருக்கும் பெண்ணை அவர்கள் ஓர் ஊகத்தில்தான் திருப்பி நிறுத்தினார்கள். குவிமாடம் பிரமாண்டம், சந்தேகமில்லை. ஆனால் 645 என்ற எண்ணிக்கையை அது தலைக்கு மேலே ஏற்றிவைத்துவிடுகிறது. ஒன்று, நமக்கு எதிரே, ஒரு திசையோடு நிற்கும்போதுதான் துக்கம் நமக்கு எட்டுகிறது.

அந்த ஒன்று என்ற எண்ணிக்கையை வைத்துத்தான் வழிகாட்டி தன் சுற்றின் இரண்டாம் பாதியை நடத்தினார். நான் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுப்பது இந்தப் பகுதிக்காகவே.

1942 பிப்ரவரி 6 அன்று, சிட்னி மூழ்கி 79 நாட்களுக்குப் பிறகு, இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவின் கரையருகே ஒரு கார்லி மிதவை ஒதுங்கியது. கார்லி மிதவை என்பது, கப்பல் மூழ்கும்போது பிடித்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் நீள்வட்ட வளையம்; படகு என்றுகூடச் சொல்ல முடியாது. கப்பல் மூழ்கிய இடத்துக்கும் அந்தத் தீவுக்கும் நேர்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அத்தனை தூரத்தையும் நீரோட்டத்தின் போக்கிலேயே கடந்து வந்த அந்த மிதவையில் ஓர் இளைஞனின் உடல் இருந்தது. உடுத்தியிருந்த வேலையுடை ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். வெயிலில் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. தீவில் இருந்தவர்கள் அவனை உரிய மரியாதையோடு அங்கேயே அடக்கம் செய்தார்கள். அடுத்த மாத இறுதியில் ஜப்பானியர் தீவைக் கைப்பற்றினார்கள். ஆவணங்கள் போயின, கல்லறை இருந்த இடமும் மறந்துபோனது.

2001இல் தேடினார்கள், அகப்படவில்லை. 2006இல் மறுபடியும் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. உடையில் இருந்த அழுத்துப் பொத்தான்களும் ஒரு தடயமாக இருந்தன என்று சொல்லும்போது, வழிகாட்டி தன் சட்டையின் மேல் பொத்தானைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திக் காட்டினார். பல்லில் தங்கம் வைத்து அடைத்திருந்தது. மண்டையோட்டில் ஓர் உலோகத் துண்டு இருந்தது. அதைத் துப்பாக்கிக் குண்டு என்று நினைத்து, தப்பித்து நீந்தியவர்களை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள் என்ற பழைய வதந்திக்குச் சிலர் உயிர் கொடுத்தார்கள். ஆய்வில் அது பீரங்கிக் குண்டின் சிதறல் என்று தெரிந்தது. 2008 நவம்பர் 19 அன்று, கப்பல் கிடைத்த அதே ஆண்டில், ஜெரால்டனில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் அவனைப் பெயர் தெரியாத மாலுமியாக மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

பெயர் கிடைக்க மேலும் 13 ஆண்டுகள் ஆயின. மரபணுவைக் கொண்டு அவனுடைய தலைமுடி சிவப்பு, கண் நீலம் என்பதுவரை முதலில் அறிந்தார்கள். பிறகு உறவினர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, 2021 நவம்பர் 19 அன்று, எண்பதாவது நினைவு நாளில், அவன் தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்று ஆஸ்திரேலியக் கடற்படை அறிவித்தது. பிரிஸ்பேன் நகரின் நியூ ஃபார்ம் பகுதியில் 1920இல் பிறந்தவன். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் கருவியை இயக்கப் பயிற்சி பெற்றவன். சிட்னியில் சேர்ந்தது 1941 ஆகஸ்டில். அந்தக் கப்பலில் அவனுக்குக் கிடைத்தவை சில மாதங்களே. வயது 21.

வழிகாட்டி இதையெல்லாம் ஒரு துப்பறியும் கதையாக ஆக்கிவிடவில்லை. அப்படி ஆக்குவதற்கான எல்லா வசதியும் இதில் இருக்கிறது. பல்லும் பொத்தானும் மரபணுவும் கேட்பவரை எளிதில் மயக்கிவிடும். அவர் அந்தப் பையனின் பெயரைச் சொன்ன பிறகு எங்களைப் பெயர்ச் சுவரின் பக்கம் அழைத்துப்போய், அந்தப் பெயர் திறப்பு நாளிலிருந்தே, மற்றவர்களின் பெயர்களைப் போலவே, இங்கே இருந்துவருவதைச் சுட்டிக்காட்டினார். 2001இல் அந்தப் பெயரைக் கல்லில் வெட்டியவருக்கு, அதற்குரிய உடல் கிறிஸ்துமஸ் தீவின் மண்ணுக்குள் இருப்பது தெரியாது. சுவரில் உள்ள மற்ற 644 பேரில் ஒருவருடைய உடலும் இன்றுவரை கிடைக்கவில்லை.

குறைகள் என்று பார்த்தால் சிலவற்றைச் சொல்லலாம். குன்றின் மேல் நிழல் மிகக் குறைவு. கோடையில் தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் போகக் கூடாது, வயதானவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி எடுத்துப் போவது நல்லது. காற்றைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். விளக்கப் பலகைகள் நன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. என்றாலும் ஆங்கிலம் தெரியாத பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் முந்தைய நாளே கதையைப் படித்துக்கொண்டு போனால் சொல்லித் தர வசதியாக இருக்கும். எங்கள் சுற்றில் கால் மணி நேரத்துக்கு மேல், ஜப்பானிய நீர்மூழ்கிதான் சிட்னியை மூழ்கடித்தது, அரசாங்கம் மறைத்துவிட்டது என்பன போன்ற பழைய சந்தேகங்களிலேயே போனது. அது வழிகாட்டியின் பிழையன்று, கூட்டத்தில் இருந்த இருவர் விடவில்லை. 2009இல் நீதியரசர் டெரன்ஸ் கோல் தலைமையிலான விசாரணை இவற்றுக்கு ஆதாரமே இல்லை என்று விரிவாக எழுதிவிட்டது என்பதை அவர் பொறுமையாக மூன்று முறை சொன்னார். கிடைத்த கப்பலும் பெரும்பாலும் ஜெர்மானியர் சொன்ன கதையையே உறுதிசெய்தது. அறுபது ஆண்டுகள் எதிரியின் வாய்மொழியை நம்ப மறுத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் அந்த நான்கு சிற்றுண்டிக் கடைக்காரர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

குவிமாடத்தின் கீழே சிறுவர்கள் ஓடி விளையாடுகிறார்கள், அதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அன்று எங்களோடு வந்த ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே ஓடட்டும்.

மதியம், கடற்கரையை ஒட்டிய ஜெரால்டன் அருங்காட்சியகத்துக்கும் போனோம். 1629இல் உடைந்த பட்டாவியா என்ற டச்சுக் கப்பலுக்குத்தான் அங்கே முதலிடம். அதைத் தனியாக ஒரு நாள் பார்க்க வேண்டும். சிட்னியைப் பொறுத்தவரை, 2015இல் அந்த ஆழத்துக்கே கருவிகளை இறக்கி எடுத்த முப்பரிமாணப் படங்களைக் கட்டாயம் பாருங்கள், ஆனால் நினைவிடத்துக்குப் போய்வந்த பிறகு பாருங்கள். சிட்னி சிதறிக் கிடக்கும் அந்தக் கடலடியில் பீரங்கிகளும் நொறுங்கிய படகுகளும் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே காலணிகளும் கிடக்கின்றன. பதனிட்ட தோல் மட்டும் அந்தக் குளிரில் அழியாமல் தங்கியிருக்கிறது. அம்மா முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த புளியோதரையைச் சாப்பிடும்போது, “அது என்ன திதி?” என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. 1941 நவம்பர் 19 அன்று என்ன திதி என்று கேட்கிறார். கைப்பேசியில் பழைய நாட்காட்டியைத் தேடிப் பார்த்தேன். அமாவாசையை ஒட்டிய நாள். எரியும் கப்பலின் வெளிச்சம் அவ்வளவு தூரத்துக்கு ஏன் தெரிந்தது என்பதற்கு எனக்கு அங்கே விடை கிடைத்தது. வானத்தில் நிலா இல்லை. அம்மாவுக்கு அதில் வேறு ஏதோ விடை கிடைத்திருக்க வேண்டும். “அமாவாசையா” என்று சொல்லிவிட்டு, டப்பாவில் மிச்சமிருந்ததில் ஒரு பிடியைப் புல்தரை ஓரமாக வைத்தார். காகம் வரவில்லை. இரண்டு கடற்காகங்கள் சண்டை போட்டுக்கொண்டு தின்றன.

தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் அடங்கியிருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் அன்றே பார்த்திருக்க வேண்டும். இருட்டியபின் அந்த நெடுஞ்சாலையில் கங்காருகள் குறுக்கே பாயும் என்பதால் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. நீங்கள் போவதானால் ஜெரால்டனில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள், காலை 10.30 சுற்றையும் அருங்காட்சியகத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் அவசரமில்லாமல் முடிக்கலாம். அம்மாவின் விசா மார்ச் மாதத்தோடு முடிகிறது. அதற்குள் ஒரு சனிக்கிழமை பார்த்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.